மழை நனைத்த மரம்

இமாச்சலப் பிரதேசத்தின் மலைச்சிற்றூர்களில் ‘காத் குனி’ என்னும் முறையில் கட்டப்பட்ட பழைய வீடுகளை இன்றும் காணலாம். கல் வரிசை ஒன்று, தேவதாரு மர வரிசை ஒன்று என மாற்றி மாற்றி அடுக்கிச் சுவர் எழுப்புவர், சாந்து இடுவதில்லை. மேல்தளத்தில் மரத்தாலான தாழ்வாரம் சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும். அதன் கிராதியில் சாய்ந்துகொண்டுதான் குழந்தைகள் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்கின்றனர். அக்கிராதியின் கால் உள்ளே இற்றிருந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தேவதாரு எண்ணெய்ப் பசை மிக்க மரம். அதன் வைரப்பகுதியைப் பூஞ்சை எளிதில் தாக்காது. வெளிறு அத்தகைய வலிமையுடையதன்று. மரத்தை அழிப்பது நீரே என்று பலர் எண்ணுகின்றனர். நீர் வழி திறந்துவிடுகிறது, அவ்வளவே. மரத்தை உண்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கும்வரை பூஞ்சையால் வளர இயலாது. ஆகவேதான், கூரைக்கடியில் உலர்ந்து கிடக்கும் உத்தரம் தலைமுறைகள் கடந்தும் நிற்க, மழையில் நனையும் சன்னலின் கீழ்ச்சட்டம் விரைவில் இற்றுவிடுகிறது.

நீர் தங்கும் இடங்களிலேயே தேடுதல் வேண்டும். கிராதிக்கால் தளத்தைத் தொடும் இடம், கதவுநிலையின் அடி, சன்னலின் கீழ்ச்சட்டம், இரு மரங்கள் கூடும் பொருத்து ஆகியவற்றை முதலில் பாருங்கள். மரத்தின் அறுத்த முனை, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நீரை உறிஞ்சும். வண்ணப்பூச்சு கொப்புளித்தலும், மரம் கறுத்துச் சிறு கட்டங்களாக வெடித்தலும் அடையாளங்கள். எனினும் கண்ணை மட்டும் நம்பலாகாது. மேலே பூச்சு பளபளக்க, உள்ளே வெறும் தூளாக இருப்பதும் உண்டு. திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்த்தால், நல்ல மரம் எதிர்த்து நிற்கும். இற்ற மரத்தில் முனை இறங்கும். மண்குழாய்கள் தென்பட்டால் அது கறையானின் வேலை. அதற்கு மருந்து வேறு.

செப்பனிடுமுன், நீர் வரும் வழியை அடைத்தல் வேண்டும். கூரையின் கற்பலகை ஒன்று நழுவியிருப்பதே காரணமாக இருக்கலாம். இற்ற பகுதியின்மேல் பட்டி அப்பி வண்ணம் பூசுவோர் உளர். அது செப்பனிடுதல் அன்று, மறைத்தல். உள்ளே சிக்கிய ஈரம் உலர வழியின்றிப் பூஞ்சைக்கே துணைபுரியும். இற்றதை முழுவதும் வெட்டி நீக்கி, நல்ல மரம் தென்பட்ட பின்னும் சற்றுத் தள்ளிச் சாய்வாக அறுக்க வேண்டும். அதே வகை மரத்தில், நார் ஒரே திசையில் ஓடுமாறு, அதே சாய்வில் ஒரு துண்டை இழைத்துப் பசையிட்டு, மரமுளை அடித்து இணைப்பர். புதிய துண்டின் அறுத்த முனைகளில், பொருத்துமுன்பே, மரங்காக்கும் மருந்தைப் பூசிவிடல் நன்று. சன்னலின் கீழ்ச்சட்டமாயின், மேற்பரப்பு வெளிப்புறம் சாய்ந்திருக்கட்டும். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் இழைத்தால், நீர் சுவரை நோக்கி ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும்.

இவை சிறு பழுதுகளுக்கே பொருந்தும். தாழ்வாரத்தைத் தாங்கும் உத்தரமே இற்றிருப்பின், பட்டறிவு மிக்க தச்சர் வந்து கீழே முட்டுக் கொடுக்கும்வரை எவரும் அதன்மேல் நிற்றல் கூடாது.