பாலில்லாப் பணியாரம்

பாலும் முட்டையும் சேராத இனிப்பை மேலைநாட்டார் இன்று புதுமையெனப் போற்றுகின்றனர். மலையகத்து லயங்களிலோ அது புதுமையன்று. பால் வாங்க வழியின்மை கற்பித்த பழைய பாடம்.

குரக்கன் மா, கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால் ஆகியவற்றோடு கந்தப்பளையில் விளையும் கரட்டைத் துருவிச் சேர்த்து, சிறிது அப்பச்சோடாவும் தேசிக்காய்ச் சாறும் கலந்து போறணையிலிட்டால், முட்டையின்றியே பணியாரம் பொங்கி எழும். புளிப்பும் சோடாவும் கூடுகையில் பிறக்கும் கரியமில வாயுவே அதற்குக் காரணம். குரக்கனில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆயினும் அது முழுவதும் உடலிற் சேர்வதில்லை.

கருப்பட்டியும் சர்க்கரையே என்பதை மறத்தலாகாது. நாளொன்றின் சக்தித் தேவையில் பத்திலொரு பங்குக்குக் குறைவாகவே சேர்க்கும் சர்க்கரை அமைய வேண்டுமென 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பெருந்தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரம் எய்தாதவர். நாடளாவிய அளவோ 17. அப்பிள்ளைகளின் தட்டில் பருப்பும் கடலையும் கீரையும் முதலில் நிறையட்டும். பணியாரம் பின்னர் வரட்டும்.

விரும்பிப் பாலைத் துறப்பது வேறு. வறுமையால் இழப்பது வேறு. அவ்விருப்பம் லயத்துத் தாய்க்கும் வாய்க்கும் நாளே இனிய நாள்.