கல்லாப்பெட்டி – 11: பலகையில் ஏழு வரி

காங்கேயம் போகிற வழியில் ஒரு மரச்செக்கு. பெயர் வேண்டாம். அதன் உரிமையாளர் இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர். "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க சார், யாவாரம் ஏன் ஏறமாட்டேங்குதுன்னு சொல்லுங்க" என்று கூப்பிட்டிருந்தார். போனேன். உள்ளே நுழையும் முன்பே காரணம் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டடி ஃப்ளெக்ஸ். கடைப் பெயருக்குக் கீழே ஏழு வரி. பாரம்பரிய மரச்செக்கு எண்ணெய். நூறு சதவீதம் சுத்தம். மருத்துவ குணம் நிறைந்தது. சர்க்கரை நோய், மூட்டு வலி தீரும். குறைந்த விலை. மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும். ஹோம் டெலிவரி உண்டு. போதாததற்கு ஓரத்தில் ஒரு காங்கேயம் காளை. உள்ளே செக்கு ஓடுவதோ மோட்டாரில்.

"இதுல எதுங்க உங்க கடை?" என்றேன்.

"எல்லாமேதானுங்க சார்."

நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஏழு வரியில் எதைப் படிப்பார்? ஒன்றையும் படிக்க மாட்டார். சரி, நின்று நிதானமாகப் படிக்கிறவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு அது இன்னும் மோசம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எடுக்க இரண்டேகால், இரண்டரை கிலோ எள்ளு வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் சமையல்கட்டுக்குள் போய் வந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் செக்கெண்ணெய்க் கடையில் 'குறைந்த விலை' என்று பார்த்தால், மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் மகிழ்வதில்லை, எதைக் கலந்தாரோ என்றுதான் யோசிப்பார்கள். அந்த ஒரு வரி மேலே இருக்கிற 'சுத்த'த்தைத் தின்றுவிட்டது. சர்க்கரை நோய் தீரும் என்பது சட்டப்படியே தவறு. உணவுப் பொருளை விற்கிறவர் அது நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார், அவருக்குச் சதுர அடிக்குக் காசு.

நல்ல வரியைத் தேட விளம்பரக் கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்களிடம் ஒரே கேள்விதான்: பக்கத்து வீட்டுக்காரர் எங்கே எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று கேட்டால், இந்தக் கடையைப் பற்றி என்ன சொல்வீர்கள்? முதல் இரண்டு பேர் 'நல்லாருக்கும்' என்றார்கள். அது மரியாதைக்குச் சொல்வது, கணக்கில் வராது. மூன்றாவதாக ஒரு ஆத்தா, அரைச் சாக்கு தேங்காய்ப் பருப்பைப் பேரன் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்துத் தேங்காய், களத்தில் காய்ந்த பருப்பு. செக்கில் போடும்வரை நின்று பார்த்தார். எண்ணெய் இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நடுவில் டீ வாங்கித் தருகிறேன் என்றதற்குக்கூட வரவில்லை.

கேட்டேன். "என்னத்தச் சொல்றது? நம்ம பருப்ப நம்ம கண்ணு முன்னால ஆட்டிக் குடுப்பாருன்னு சொல்லுவேன்" என்றார், செக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏழு வரியில் இது எங்கேயும் இல்லை. உரிமையாளருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "அது கூலிக்கு ஆட்டறதுங்க சார், எங்கப்பா காலத்துல இருந்து நடக்குது. அதைப் போயி போர்டுல போடறதா?" வியாபாரிக்குப் பழகிப்போனதுதான் பெரும்பாலும் வாடிக்கையாளருக்கு அதிசயம்.

ஊர் சொல்வதே பெயராகிப்போனதற்குத் திருநெல்வேலியைவிட வேறு சாட்சி வேண்டாம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிற அந்த அல்வாக் கடைக்காரர்கள் 'இருட்டுக்கடை' என்று பெயர் வைத்துக் கடை திறக்கவில்லை. மங்கலான ஒற்றை விளக்கு, சாயங்காலம் மட்டும் வியாபாரம், சுடச்சுட கோதுமை அல்வா, சில மணி நேரத்தில் காலி. வாங்கப் போனவர்கள் வைத்த பெயர் அது. நம் ஆட்கள் இதிலிருந்து தப்பான பாடம் படித்ததுதான் வேடிக்கை. ஊருக்கு ஊர் 'இருட்டு' என்று போட்டு எல்இடி விளக்கில் மின்னுகிற பலகைகளைப் பார்க்கிறேன். அங்கே அல்வாவை விற்றது இருட்டு இல்லை. எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் காலையிலேயே கடையைத் திறந்துவிடாமல், பக்கத்தில் ஒரு காபிக் கடை போடாமல் இருந்த பிடிவாதம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லால்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. 1983இல் கடலூரில் 15,000 ரூபாயை வைத்துக்கொண்டு சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பு ஆரம்பித்தபோது சந்தையில் ஏற்கெனவே பாக்கெட் ஷாம்புகள் இருந்தன. பாக்கெட்டில் ஷாம்பு என்ற யோசனைக்கு முன்னோடியே அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன்தான். சகோதரர்களிடம் வெல்வெட் ஷாம்பு இருந்தது. கிராமத்தில் சீயக்காயும் சோப்பும் போட்டுத் தலை குளித்துக்கொண்டிருந்தவர்களிடம் 'பளபளப்பான கூந்தல்' என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? இதை எப்படிப் போடுவது என்றே தெரியாதே. சிக் ஆட்கள் ஊருக்குள் போய் ஒரு பையனைக் கூப்பிட்டு, கூட்டத்துக்கு நடுவில் அவன் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். பிறகு சுற்றி நின்றவர்களைத் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் செய்தி. இன்னொன்றும் செய்தார்கள். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, ஐந்தும் சிக் பாக்கெட்டாக இருக்க வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த இரண்டாவது அடியை நான் ரொம்ப ரசிப்பேன். பின்னாளில் கம்பெனிக்கு வைத்த கெவின்கேர் என்ற பெயரில், அழகு என்று பொருள்படும் நம் 'கவின்' ஒளிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

போகிற போக்கில் ஒன்று. வரி வேறு, பெயர் வேறு. 'சுத்தமான எண்ணெய்' மாதிரி பொருளை வர்ணிக்கிற சொல்லை டிரேட்மார்க்காகப் பதிவு செய்வது கஷ்டம், அந்தச் சொல் எல்லோருக்கும் பொது. பதிவுக்குக் கொஞ்சம் தனித்த பெயராக இருக்க வேண்டும். சிறு தொழில் என்றால் இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய், பெரிய கம்பெனிகள் கட்டுவதில் பாதி.

செக்குக் கடைக்குத் திரும்புவோம். ஃப்ளெக்ஸைக் கழற்ற அவருக்கு மனசே வரவில்லை. ஹோம் டெலிவரியையாவது விட்டுவைக்கலாமே என்று மன்றாடினார். அது பொய் இல்லையே என்றார். பொய் இல்லைதான். மெய்யாக இருக்கிற ஆறு வரியை அழிப்பது, பொய்யான ஒரு வரியை அழிப்பதைவிடக் கஷ்டம். ஒருவழியாகத் தகரப் பலகையில் பெயிண்டரை வைத்து எழுதினார்: 'உங்கள் பருப்பு. உங்கள் கண் முன்னால்.' கூடவே என் சொல்படி இரண்டு காரியம் செய்தார். செக்குக்கும் கல்லாவுக்கும் நடுவில் இருந்த பலகைத் தட்டியை எடுத்தார். ஆத்தா மாதிரி நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு போட்டார். நின்று பார்க்க வழி இல்லாமல் 'கண் முன்னால்' என்று எழுதுவதில் அர்த்தமில்லையே.

போன வாரம் போன் செய்தார். பெஞ்சில் இடம் இல்லையாம். குரலில் சந்தோஷத்தோடு ஒரு தயக்கமும் இருந்தது.

"ஒருத்தர் மூணு மூட்டை வேப்பங்கொட்டையோட வந்தாருங்க சார். நல்ல கூலி தர்றேன்னாரு."

"ஆட்டினீங்களா?"

"அந்தச் செக்குல அதை ஆட்டினா அடுத்து வர்ற தேங்காயெண்ணெய் கசக்குமுங்களே. திருப்பி அனுப்பிட்டேன்."

நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"ஆனா சார்... வேப்பங்கொட்டைக்குன்னு தனியா ஒரு செக்கு போட்டா என்னன்னு ஒரு யோசனை. போர்டுல கீழ கொஞ்சம் இடம் இருக்குதுங்க."

(அடுத்த வாரம்: கடன் சொல்லும் வாடிக்கையாளர்)