குனிந்து பார்க்க வேண்டிய வண்டி

ஹூண்டாய் வென்யூவின் நீளம் 3,995 மில்லிமீட்டர். மாருதி விட்டாரா பிரெஸ்ஸாவும் 3,995. கியா சோனெட், மஹிந்திரா எக்ஸ்யூவி 300 இரண்டும் அதே 3,995. வேறு வேறு நிறுவனங்கள், வேறு வேறு பட்டறைகள். ஆனால் எல்லோருடைய அளவுகோலும் நான்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் முன்னால் வந்து நின்றிருக்கிறது. காரணம் வரி. நீளம் நான்கு மீட்டருக்கு மிகாமலும், எஞ்சின் பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்கு மிகாமலும் இருக்கும் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தது 2006 மத்திய பட்ஜெட். அந்தச் சலுகைக்குள் எஸ்யூவியின் தோற்றத்தை மடக்கி வைத்ததில் பிறந்ததுதான் இன்று தெருவுக்குத் தெரு நிற்கும் குட்டி எஸ்யூவி.

2013-இல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் வந்தது. 2016-இல் பிரெஸ்ஸா, 2017-இல் டாடா நெக்ஸான், 2019-இல் எக்ஸ்யூவி 300-ம் வென்யூவும், 2020-இல் சோனெட்டும் நிஸான் மேக்னைட்டும். இவற்றை முதலில் வாங்கியவர்கள் கடனை அடைத்துவிட்டு அடுத்த வண்டிக்குத் தாவும் காலம் இது. செகண்ட் ஹாண்ட் கார் கடையில் "பட்ஜெட் என்ன சார்?" என்று கேட்டுவிட்டு நேராக இந்த வரிசைக்குத்தான் அழைத்துப் போகிறார்கள்.

வாங்கப் போகிறவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இவை கொஞ்சம் தூக்கிக் கட்டிய சாதாரணக் கார்கள். எக்கோஸ்போர்ட்டின் அடித்தளம் ஃபியஸ்டா காருடையது. மேலே சொன்ன எந்த வண்டியிலும் நான்கு சக்கர இழுவை இல்லை. எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை மட்டும். கூடுதலாகக் கிடைப்பது தரையிலிருந்து உள்ள உயரம். சாதாரண ஹாட்ச்பேக்குக்கு 165, 170 மில்லிமீட்டர் என்றால் இவற்றுக்கு 180 முதல் 210 வரை. அதிகம் போனால் இரண்டு விரற்கடை.

அந்த இரண்டு விரற்கடையை நம்பித்தான் முதல் சொந்தக்காரர் ஸ்பீடு பிரேக்கரில் பிரேக் பிடிக்காமல் ஏற்றியிருப்பார், கல்யாண மண்டபத்து மண்பாதையில் விரட்டியிருப்பார். மழைத் தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையில் "நம்ம வண்டி போயிடும்" என்று இறக்கியிருப்பார். ஸ்விஃப்ட் வைத்திருந்தவர் அதே தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். பழைய குட்டி எஸ்யூவியின் பாதிக் கோளாறு இந்த நம்பிக்கையில் விளைவது. அது வண்டிக்கு அடியில் இருக்கிறது. நாமோ பானெட்டின் பளபளப்பையும் அலாய் வீலையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீர்தான் இதில் பெரிய வில்லன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி மூழ்கடித்தது. அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மிதந்தன. ரிப்பேர் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடும். மிஞ்சும் வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர்கள் எல்லோரும் அதை உதிரிப் பாகங்களாகத்தான் பிரித்தார்கள் என்று நினைத்தால் நீங்கள் நல்ல மனிதர்.

சித்தி மகனுக்கு வண்டி பார்க்க சென்னைப் புறநகர் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். சில்வர் நிற வண்டி, சிங்கிள் ஓனர், புது சீட் கவர். கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை மூக்கை அடைத்தது. கூட வந்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் டிரைவர் பக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு சாண் நீளத்தில் பழுப்பு நிறக் கோடு. "காபி சிந்திடுச்சு சார்" என்றார் விற்பவர். மெக்கானிக் இடது பக்க பெல்ட்டையும் இழுத்தார். அங்கேயும் அதே உயரத்தில் காபி சிந்தியிருந்தது.

சீட்டையும் கார்ப்பெட்டையும் மாற்றுவார்கள், சீட் பெல்ட்டை மாற்ற மாட்டார்கள். அதே போல சீட்டைப் பின்னால் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் கையை விடுங்கள்; வண்டல் விரலில் ஒட்டும். டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும் இடத்தில் டார்ச் அடியுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியில் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். மின்சார இணைப்புகளில் களிம்பு பிடித்து, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பவர் விண்டோ, மறு நாள் ஏசி, இன்னொரு நாள் ஏபிஎஸ் விளக்கு என்று தவணை முறையில் சாகும். ஆயிரம் ரூபாய் கொடுத்தாவது வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். அடித்தட்டில் நசுங்கல், லோயர் ஆர்ம் புஷ் கிழிசல், ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சு. இந்தக் கடைசியைச் சந்தேகியுங்கள். கடற்கரை ஊரில் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்றின் துரு அதற்குக் கீழேதான் ஒளிந்திருக்கும்.

மீட்டரைக் குறைப்பது நாடறிந்த வித்தை. டிஜிட்டல் மீட்டர் வந்ததும் ஒழிந்துவிடும் என்றார்கள். லேப்டாப் வந்ததும் இன்னும் சுலபமாகிவிட்டது. எண்ணைப் பார்க்காமல் டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 2018 மாடல் வண்டி, மீட்டரில் 28,000 கிலோமீட்டர், நான்கு டயரும் 2022-இல் தயாரானவை என்றால், 28,000 ஓடுவதற்குள் நான்கு டயர் ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தாலும் அதே கேள்விதான். வண்டி எண்ணைக் கொடுத்தால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கிடைக்கும். தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்கும். விற்பவர் அதை வாங்கித் தரத் தயங்கினால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவது மேல். டி போர்டில் ஓடி ஓன் போர்டுக்கு மாறிய வண்டிகளும் சந்தையில் உண்டு. மஞ்சள் நம்பர் பிளேட்டைக் கழற்றினால் ஓடிய தூரம் போய்விடாது.

விபத்து விஷயத்தில் ஒரு சின்ன சோதனை போதும். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், வெடித்த ஏர்பேக்குக்குப் பதிலாக வெற்று மூடியைப் பொருத்தி விளக்கையும் பிடுங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியதைச் சொல்லித்தான் பழைய நெக்ஸானை இன்று விற்கிறார்கள். அந்த நட்சத்திரம் ஏர்பேக் உள்ள, சேசிஸ் நெளியாத வண்டிக்கு. இன்னொன்று: டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய அடிப்படை வேரியன்ட் எதுவாக இருந்தாலும் ஏர்பேக் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த வண்டி? கட்டுரை எழுதுபவனிடம் எல்லோரும் கேட்பது இதைத்தான். 2016 முதல் 2020 தொடக்கம் வரை பிரெஸ்ஸா டீசலில் மட்டுமே வந்தது, 1.3 லிட்டர் எஞ்சின், தெரு மெக்கானிக் எல்லோருக்கும் அத்துப்படி. பிறகு 1.5 லிட்டர் பெட்ரோல். தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு முன்னது, வாரத்துக்கு இரண்டு நாள் எடுப்பவருக்குப் பின்னது. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் வண்டிகளைச் சென்னைக்குள் மட்டும் ஓட்டப்போகிறவர் வாங்க வேண்டாம் என்பேன். புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று அவற்றில் இருக்கிறது. நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று நாலு கிலோமீட்டர் ஓடினால் அடைத்துக்கொள்ளும்.

எக்கோஸ்போர்ட்டுக்குத் தனிப் பத்தி வேண்டும், மறைமலை நகரில் பிறந்த வண்டி என்பதால் மட்டும் இல்லை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதனால் மறுவிற்பனை விலை இறங்கியது. வாங்குகிறவருக்கு அது லாபம். சர்வீஸும் உதிரிப் பாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது, ஆனால் ஊருக்கு ஊர் இருந்த சர்வீஸ் சென்டர் இப்போது இல்லை. 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் ஓட்டுவதற்கு அருமையான எஞ்சின். அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுவது. ஆயிலைத் தவறாமல் மாற்றாதவரிடமிருந்து வாங்கினால் அந்தப் பெல்ட்டின் பொடி உங்கள் தலையில் விழும். ஆரம்ப கால பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்த இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸைத் தொடாதீர்கள். கைகியர் டீசல், நல்ல ஃபோர்டு மெக்கானிக் பக்கத்தில் இருந்தால், இந்த விலைக்கு இதைவிட உறுதியான வண்டி கிடைப்பது கஷ்டம். வென்யூ, சோனெட்டில் வரும் இரட்டை கிளட்ச் வண்டிகளையும் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். எந்த வண்டியானாலும் காலையில் போய், பானெட்டைத் தொட்டுப் பார்த்து, எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

விலை பேசும்போது 2025 செப்டம்பர் 22 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அன்று முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன்பு செஸ்ஸோடு சேர்த்து பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31. விற்பவர் தான் கொடுத்த விலையிலிருந்து கழித்துக் கணக்குச் சொல்வார். நீங்கள் இன்றைய புது வண்டியின் ஆன்ரோடு விலையிலிருந்து கழியுங்கள். பிரெஸ்ஸா பெட்ரோலுக்கு இந்த வாதம் அவ்வளவு எடுபடாது. 1,462 சிசி என்பதால் நீளம் குறைவாக இருந்தும் அது 'சிறிய கார்' ஆகாது, அதற்கு வரி 40 சதவீதம்.

இனி காகிதம். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, எந்த வங்கிக் கடன் நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். கடன் கட்டி முடித்திருந்தாலும் ஆர்சியில் ஹெச்பி என்ற கடன் குறிப்பு நீங்கியிருக்காது. வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்த படிவங்களோடு வண்டி மூன்று புரோக்கர் கைமாறி வருவது இங்கே சகஜம். மறைந்துபோனவரின் கையெழுத்தும் அதில் இருக்கலாம். டெல்லிப் பதிவு டீசல் வண்டி மலிவாக வந்தால், அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு விதித்த தடைதான் அதைத் தெற்கே அனுப்பியிருக்கும். வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் என்ஓசி, இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வண்டியை விற்றுக் கைமாறியிருந்தாலும், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர்; விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. வாங்குகிறவருக்கு வேறு கெடு: 14 நாளுக்குள் இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் எதிராளிக்கான காப்பீடு தொடரும், உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் வராது. பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஆர்சி உங்கள் பெயருக்கு மாறும் வரை ஒரு தொகையைப் பிடித்து வையுங்கள். இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்றால் புதுச் சாவிக்கு ஆகும் செலவை விலையில் கழித்துவிட்டு, வண்டியை எடுத்த மறுநாளே சர்வீஸ் சென்டரில் அந்தத் தொலைந்த சாவியை ரத்து செய்யச் சொல்லுங்கள்.