மறைநூலும் மனைவியும்: இந்தோனேசியப் பெண் உலமாக்களின் வியாக்கியானம்

இஸ்லாமியச் சமுதாயத்தில் பெண்ணின் நிலை யாது என்னும் வினா எழும்போது, நம் பிரசங்க பீடங்களிலிருந்து வரும் விடை பெரும்பாலும் ஒரே வகையினது. பர்தா, பலதாரமணம், முத்தலாக் என மூன்று சொற்களை அடுக்கிவிட்டு, ஆண்டவர் இயேசு பெண்களை உயர்த்தினார் என்று முடித்துவிடுகிறோம். விடை எளிதானதே, ஆனால் ஆராய்ந்து கூறப்பட்டதன்று. மறைநூல் கூறுவது ஒன்று. முன்னோர் அதற்கு எழுதிய வியாக்கியானம் மற்றொன்று. ஊர் வழக்கமும் அரசின் சட்டமும் வேறு வேறு. இவற்றினிடையே ஓயாத வழக்கு நடைபெறுகின்றது. இதனைத் தெளிவாகக் காண இந்தோனேசியாவை நோக்குதல் பயன் தரும். அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் முஸ்லிம்கள்.

ஜாவாத் தீவின் சிற்றூர்களில் பெசந்த்ரன் எனப்படும் சமயக் கல்விச்சாலைகள் ஏராளமாக உள்ளன. மாணவ மாணவியர் அங்கேயே தங்கி அரபு நூல்களைப் பாடங் கேட்பர். அவற்றின் தலைவரைக் கியாயி என்றும், அவருடைய மனைவியையும் கற்றறிந்த பெண் ஆசிரியரையும் ந்யாயி என்றும் அழைப்பர். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டுவந்த நூல்களுள் ஒன்று ‘உகூத் அல்-லுஜ்ஜைன்’. ஜாவாவின் பாந்தன் பகுதியில் பிறந்து, மக்காவில் ஆசிரியராக விளங்கி, 1897இல் மறைந்த நவவி என்னும் பேரறிஞர் இதனை இயற்றினார். கணவன் மனைவியரின் கடமைகளே இதன் பொருள். கணவன் அழைக்குங்கால் மனைவி மறுத்தலாகாது, அவனுடைய இசைவின்றி வீட்டைவிட்டு வெளியேறலாகாது என்பன போன்ற போதனைகளை நபிமொழிகளின் துணைகொண்டு இந்நூல் வலியுறுத்துகிறது. இதனைக் கற்றுத் தம் ஊருக்குத் திரும்பிய மாணவர்கள் திருமண உபதேசங்களில் எதைக் கூறியிருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம்.

1990களின் இறுதியில், பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துர்ரஹ்மான் வாஹிதின் துணைவியார் சிந்தா நூரியாவின் தலைமையில், ஆண்களும் பெண்களுமான அறிஞர் குழுவொன்று இந்நூலை வரிவரியாகச் சோதித்தது. நபிமொழி ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாருக்கு அறிவிக்கப்பட்டது என்னும் தொடரை ஆராய்ந்து, அவற்றுட் பல வலுவற்றவை என்றும், சில புனைந்துரைக்கப்பட்டவை என்றும் கண்டது. முடிவுகள் 2001இல் நூலாக வெளிவந்தன. எதிர்ப்புக்கும் குறைவில்லை, இளம் உலமாக்கள் சிலர் மறுப்பு நூலொன்றே எழுதினர். ஈண்டு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நம் மூலபாடத் திறனாய்வு மேனாட்டு இறக்குமதி என்று குறைகூறுவோர் நம்மிடையே உளர். ஆனால் அக்குழு கையாண்ட ஆய்வுமுறையோ இஸ்லாமிய மரபிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வருவது. கருவி பழையது, அதனைப் பெண்கள் எடுத்துப் பயன்படுத்தியதே புதியது.

இதே காலத்தில் நாட்டை உலுக்கிய நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. 1998 மே மாதக் கலவரத்தில் ஜகார்த்தாவிலும் பிற நகரங்களிலும் சீன வம்சாவளிப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். பெண்கள் சமய வேறுபாடின்றி எழுப்பிய குரலின் விளைவாக, அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள் பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த தேசிய ஆணையம் தோன்றியது. வன்முறையைப் பற்றிப் பேசாத சமயப் போதனை பெண்களுக்கு எவ்வாறு போதியதாகும் என்னும் வினா, இதன்பின் பெசந்த்ரன்களின் வாயிலையும் தட்டிற்று எனலாம்.

2017 ஏப்ரல் 25 முதல் 27 வரை, மேற்கு ஜாவாவின் சிரெபொன் பகுதியில், கெபோன் ஜம்பு பெசந்த்ரனில் இந்தோனேசியப் பெண் உலமாக்களின் முதல் மாநாடு கூடியது. கணவர் மறைந்தபின் தாமே தலைமையேற்று அக்கல்விச்சாலையை நடத்திவந்த ந்யாயி மஸ்ரியா அம்வா விருந்தளித்தார். மாநாடு மூன்று ஃபத்வாக்களை வழங்கியது. பாலியல் வன்முறை திருமணத்திற்கு வெளியிலும் உள்ளிலும் ஹராம். தீங்கு விளைக்கும் குழந்தைத் திருமணத்தைத் தடுத்தல் கடமை. வளர்ச்சியின் பெயரால் இயற்கையை அழித்தல் ஹராம். மணவறைக்கு உள்ளேயும் வன்முறை உண்டு என மார்க்கத் தீர்ப்பொன்று கூறியதே இவற்றுள் மிகவும் கருதத்தக்கது.

இத்தீர்ப்புகளுக்கு அடிப்படையான வியாக்கியான முறைகள் இரண்டு. மாதவிடாய், கருவுறுதல், மகப்பேறு, மகப்பேற்றுக்குப் பின்வரும் உதிரப்போக்கு, பாலூட்டல் ஆகிய ஆண் அறியாத உடல் அனுபவங்களைக் கணக்கிற்கொள்ளாத நீதி முழுமையான நீதியன்று என்பார் நூர் ரொஃபியா என்னும் பெண் அறிஞர். மற்றொன்று, சிரெபொன் அறிஞர் ஃபகீஹுதீன் அப்துல் கோதிர் வகுத்து 2019இல் விரிவான நூலாக வெளியிட்ட ‘முபாதலா’, அதாவது பரஸ்பர வாசிப்பு. மறைநூல் பகுதியொன்று ஆணையோ பெண்ணையோ மட்டும் விளித்திருந்தாலும், அதன் அடிப்படைக் கருத்தைக் கண்டறிந்து, அது மற்றவருக்கும் பொருந்துமாறு வாசித்தல் வேண்டும் என்பதே இதன் சாரம். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை எனக் கூறும் குர்ஆன் 2:187, விசுவாசிகளான ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் உற்ற துணைவர் எனக் கூறும் 9:71 ஆகியவை இதற்குத் தூண்களாக நிற்கின்றன. இம்முறைப்படி நோக்குங்கால், மனைவி கணவனின் விருப்பத்தைப் புறக்கணிக்கலாகாது எனில், களைத்தும் நோயுற்றும் இருக்கும் மனைவியின் நிலையைக் கணவனும் புறக்கணிக்கலாகாது.

இதனை வாசித்தபோது என் நினைவுக்கு வந்தது 1 கொரிந்தியர் 7:3, 4. சரீரத்தின்மேல் அதிகாரம் பற்றிப் பேசுகையில் பவுல் கணவனையும் மனைவியையும் ஒரே நிறையில் வைக்கிறார். ஆயினும் நம் போதகர்கள் அறிவுரை கூறும்போது எடுப்பது எபேசியர் 5:22. அதற்கு முந்திய வசனத்தை எடுப்பவர் சிலரே. குறை கூறுவது எளிது. ஊழியத்தின் தொடக்கத்தில், அடிபட்டு வந்த ஒரு சகோதரியிடம் 22ஆம் வசனத்தை வாசித்து, ஜெபித்து, அவரைக் கணவனிடமே திருப்பி அனுப்பியவன் நான். 21ஆம் வசனம் அதே பக்கத்தில்தான் இருந்தது.

இந்தோனேசியாவில் எல்லாம் சீர்பட்டுவிட்டதென எவரும் எண்ணவேண்டா. 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 19 என வயதெல்லை வகுத்திருந்தது. 2015இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதனை மாற்ற மறுத்தது. 2018 டிசம்பரில், இளவயதில் மணமுடிக்கப்பட்ட பெண்களே தொடுத்த வழக்கில் மனம் மாறியது. 2019இல் இருபாலர்க்கும் 19 எனத் திருத்தப்பட்டது. ஆனால் விலக்கு அளிக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உண்டு. 2020இல் 60,000க்கு மேற்பட்ட விலக்குகள் வழங்கப்பட்டன. சட்டத்தின் முன்வாயில் அடைபட்டது, பின்வாயில் திறந்தே கிடந்தது. 2022 ஏப்ரலில் நிறைவேறிய பாலியல் வன்முறைக் குற்றச் சட்டம் கட்டாயத் திருமணத்தையும் குற்றமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய புதிய தண்டனைச் சட்டமோ, திருமணத்திற்குப் புறம்பான உறவையே, குடும்பத்தார் முறையிட்டால், குற்றமாக்கியது.

சிரெபொன் மாநாடு நிறைவுற்று ஒரு மாதமும் கழியுமுன், 2017 மே 23ஆம் நாள், ஷரீஅத் சட்டம் நடைபெறும் ஆச்சே மாகாணத்தில், ஒருபால் உறவுக்காக இளைஞர் இருவர் பொதுமக்கள் முன்னிலையில் ஆளுக்கு 83 பிரம்படி பெற்றனர். இத்தகையோரைப் பற்றி மாநாட்டின் ஃபத்வாக்கள் யாதொன்றும் கூறவில்லை. பரஸ்பர வாசிப்பு கணவன் மனைவி என்னும் இணையின்மேல் எழுப்பப்பட்டது; அவ்விணைக்கு வெளியே நிற்பவருக்கு அதில் இன்னும் இடம் வகுக்கப்படவில்லை. இதனை அவ்வறிஞர்களின் குறையாக மட்டும் கருதி நாம் அமைதி கொள்ளலாகாது. நம் இறையியல் வகுப்பறைகளிலும் இப்பொருள் வந்தவுடன் பேச்சு தாழ்ந்துவிடுவதை மாணவர் அறிவர்.

இரண்டாம் மாநாடு 2022 நவம்பரில் ஜெபாராவில் கூடி, மருத்துவக் காரணமின்றிப் பெண் குழந்தைகளுக்குச் செய்யப்படும் கத்னா எனும் வழக்கத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதனைத் தடைசெய்வதே ஷரீஅத்துக்கு முரண் என இந்தோனேசிய உலமா மன்றம் 2008இல் கூறியிருந்தது. 2024இல் அரசு வெளியிட்ட சுகாதார விதிகள் அவ்வழக்கத்தை ஒழிக்குமாறு பணித்தன. ஆயினும், ‘இது மார்க்கம்’ என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த தாயிடம் விதியைக் காட்டிப் பயன் யாது? அவளிடம் அமர்ந்து பேச, அவள் மதிக்கும் ஒரு ந்யாயி செல்லவேண்டியிருக்கும்.