காலித்

காலித் (பிறப்பு: பெப்ரவரி 29, 1960) அல்ஜீரியாவைச் சேர்ந்த ராய் இசைப் பாடகர் ஆவார். இவரது முழுப்பெயர் காலித் ஹாஜ் இப்ராகிம். ராய் இசையை உலகெங்கும் அறியச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

ராய் இசை

'ராய்' என்ற அரபுச் சொல்லுக்குக் கருத்து என்று பொருள். ஓரான் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வளர்ந்த இவ்விசையில் காதல், மது, ஏழ்மை ஆகியவை பேச்சுவழக்கு அரபியில் வெளிப்படையாகப் பாடப்பட்டன. நாணற்குழலும் தோற்கருவிகளும் இதன் பழைய பக்கவாத்தியங்கள். மூத்த பாடகர்கள் 'ஷேக்' எனப்பட்டனர். மின்கிதார், சிந்தசைசர் ஆகியவற்றைச் சேர்த்துப் பாடிய இளையோர் 'ஷெப்' (இளைஞர்) என்ற அடைமொழியை ஏற்றனர். காலித்தும் தொடக்கத்தில் ஷெப் காலித் என்றே அறியப்பட்டார்.

இசைப்பயணம்

ஓரானில் பிறந்த காலித், 14ஆம் வயதில் தமது முதற்பாடலைப் பதிவு செய்தார். அரசு ஊடகங்கள் ராய் பாடல்களை ஒதுக்கியதால் அவை ஒலிநாடாக்கள் வழியே பரவின. 1985இல் ஓரானில் ராய் விழா நடைபெற்றது. அக்காலத்தில் இந்நிலை தளரத் தொடங்கியது. பின்னர் காலித் பிரான்சில் குடியேறினார்.

1992இல் வெளியான 'திதி' அரபுப் பாடலாக இருந்தும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் புகழ்பெற்றது. ழான் ஜாக் கோல்ட்மன் எழுதிய 'ஆயிஷா' (1996) பிரான்சில் முதலிடம் பெற்றது.

அல்ஜீரிய உள்நாட்டுப் போரில் ராய் கலைஞர்களும் தாக்குதலுக்கு உள்ளாயினர். பாடகர் ஷெப் ஹஸ்னி 1994இல் ஓரானில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1998இல் காலித், ரஷீத் தாஹா, ஃபோதெல் ஆகியோர் பாரிசில் பெரும் இசை நிகழ்ச்சியை நடத்தினர்.

ஒருகாலத்தில் வானொலியில் இடம்பெறாத ராய் இசையை, 2022இல் யுனெஸ்கோ தனது மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.