அன்றாடமும் ஆண்டவரும் – 14: உலையில் போடுமுன் ஒரு பிடி

சென்ற வாரம் குடும்ப ஜெபத்தைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் அடுப்படிக்குப் போவோம்.

மிசோரம் மலைநாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் 1910-இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளையும் சோறு பொங்க அரிசி அளக்கும்போது, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பார்கள். சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேர்ப்பார்கள். விற்று வரும் பணம் ஊழியத்துக்கு. மிசோ மொழியில் இதன் பெயர் ‘பூஃபாய் தாம்’.

லொரெய்ன், சாவிட்ஜ் என்ற மிஷனரிகள் அங்கே தங்கி ஊழியம் செய்யப் போனதே 1894-இல்தான். அவ்வளவு இளைய சபை அது. பெண்கள் கையில் காசு புழங்காத காலம். அரிசிப் பானை மட்டும் அவர்கள் பொறுப்பில் இருந்தது. 1911-இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பயிரெல்லாம் அழிந்து ‘மௌதாம்’ பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தையும் தாண்டி, இந்தப் பிடி அரிசி இன்றுவரை நிற்கிறது. மிசோ சபைகள் தாங்களே மிஷனரிகளை அனுப்புகின்றன என்றால், அதற்குப் பின்னால் இந்த அரிசியும் இருக்கிறது.

நம் பக்கத்துச் சபைகளுக்கும் பிடி அரிசிக் காணிக்கை புதிதல்ல. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்ற வெள்ளாளன்விளை அசரியா, பிறகு தோர்ணக்கல் பேராயராகி, ஏழைச் சபையும் கொடுத்துத்தான் வளர வேண்டும் என்று விடாமல் போதித்தார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது தொகையல்ல, நேரம். சாப்பிட்டு மிஞ்சியதில் எடுப்பதில்லை. உலையில் போடுமுன் எடுக்கிறார்கள். சாறிபாத் விதவையிடம் எலியா கேட்டதும் அப்படித்தானே? கடைசி மாவைப் பிசைந்து மகனும் தானும் சாப்பிட விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம், முதல் அடையை எனக்குக் கொண்டுவா என்றார்.

தினமும் செய்து பார்த்தால் நம் மனம் நமக்கே தெரியும். சம்பளம் வந்த வாரத்தில் பிடி தாராளமாக இருக்கும். மாசக் கடைசியில் கை அரிசிக்குள் போகும், விரல்கள் தாமாகவே இறுகும், நாலு மணி திரும்பப் பானையில் விழும். வீட்டுக்குப் பொன்னி அரிசி, காணிக்கைக்கு ரேஷன் அரிசி என்று பிரித்து வைக்கத் தோன்றும். அந்த இடத்தில்தான் ஜெபம் உண்மையாகிறது. “ஆண்டவரே, நாளைக்கும் நீர் தருவீர்” என்று வாயால் சொல்வது எளிது. இறுகிய விரலைத் திறந்துகொண்டு சொல்வது வேறு.

கன்வென்ஷன் கூட்டங்களில் கண்ணீரோடு ஒப்புக்கொடுக்கிறோம், அது வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் வாசலில் நிற்க, பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்க, நம் விசுவாசம் எங்கே இருக்கிறது? ஆவிக்குரிய வளர்ச்சி பெரும்பாலும் அந்த அவசரத்துக்குள்தான் நடக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் சபையில் அரிசி சேர்க்கும் வழக்கம் இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு டப்பாவை அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மாசம் முடிந்ததும் பக்கத்துத் தெருவில் கஷ்டப்படுகிற வீட்டுக்கோ, முதியோர் இல்லத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள். சபையாகச் சேர்ப்பதென்றால், யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்று மட்டும் அங்கே வாசிக்க வேண்டாம்.

(அடுத்த வாரம்: கோபம் தணியாமல் படுக்கப் போகும் இரவுகள்)