பூனைக்குப் பத்து நாள் பத்தியம்

தென்காசியில் ஜூன் பிறந்தால் துவைத்த துணி காய்வதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, கொஞ்சம் வெயில், கொஞ்சம் தூறல் என்று நாள் முழுக்கச் சாரலைத் தூவிக்கொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்கள் இதற்காகத்தான் வண்டி பிடித்துக் குற்றாலம் வருகிறார்கள். இங்கேயே குடியிருப்பவர்களுக்கோ கொடியில் ஈரத்துணி, டப்பாவில் நமுத்த அப்பளம், ஜாடியில் கசிந்த உப்பு. வீட்டுப் பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து கூட்டிவந்தவர்களுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்ளும். வயிற்றில் போட்ட தையல் காய வேண்டுமே!

மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம், ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் கையில் தந்துவிட்டார்கள் என்று பலர் இதைச் சாதாரணமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடுவனுக்கு வேண்டுமானால் அது சின்ன வேலை. பெண் பூனைக்கு வயிற்றைத் திறந்தாக வேண்டும். சினைப்பைகளையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டு, தசைக்குத் தனியாகவும் தோலுக்குத் தனியாகவும் தையல் போட்டு மூடுவார்கள். வெளியே தெரிவது ஓர் அங்குலக் கோடு. உள்ளே நடந்திருப்பது பெரிய அறுவை. டாக்டரின் பங்கு மேஜையோடு முடிகிறது; அடுத்த பத்திலிருந்து பதினான்கு நாள் வீட்டார் பொறுப்பு. அந்த நாட்களில் பூனை கவனிப்பாரின்றிக் கெடுவதைவிட, பாசம் மிஞ்சிப்போய்க் கைவைத்தியம் பார்த்ததால் கெடுவதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஆபரேஷனே எதற்கு, ஒரு ஈத்தாவது போடட்டுமே என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஒரு முறை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. மாறாக, 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஆறு மாத வயதுக்குள் இந்த ஆபரேஷன் செய்த பூனைகளுக்குப் பால்மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதமும், ஒரு வயதுக்குள் செய்தவற்றுக்கு 86 சதவீதமும் குறைவதாகக் கண்டது. பூனைக்கு மடியில் வரும் கட்டி பத்தில் எட்டுக்கும் மேல் புற்றுக்கட்டியாகவே இருக்கும் என்பதால் இது சாதாரணக் கணக்கு அல்ல. கருப்பையில் சீழ் கட்டிச் சாகும் ஆபத்தும் இதோடு போய்விடுகிறது.

இன்னொரு காரணம் நம் ஊர் இருக்கும் இடம். பூனையின் பருவத்தை ஆட்டிவைப்பது பகல் வெளிச்சம். லண்டனில் கோடையின் மிக நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அங்கே பெரும்பாலான பூனைகள் குளிர்மாதங்களில் அடங்கியிருக்கும். நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 9 டிகிரி வடக்கே இருக்கும் தென்காசியில் அந்த வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். இங்கே பூனைக்கு விடுமுறை மாதம் கிடையாது. நான்கு ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாள். குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகவும் கூடும். அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரியும். கண் திறக்காத குட்டிகள் சாக்குப்பையில் மீன் மார்க்கெட் ஓரம். அதைச் செய்துவிட்டு வந்து, ஆபரேஷன் பாவம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு வாதாடத் தெரியவில்லை. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடலாம் என்று சென்னையில் புளூ கிராஸ் 1964இலேயே தொடங்கிவிட்டது. பூனைக்கு அந்த யோசனை வீடுகளில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கே செய்தாலும் முன்கூட்டி ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: பூனைக்கு மயக்கம் கொடுத்துப் பழக்கம் உண்டா? மாடு ஆடு பார்த்தே கைதேர்ந்த இடங்களும் உண்டு, அது குற்றமில்லை. திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அவ்வளவு தூரம் போவதானால் பூனையை மடியில் வைத்தோ கட்டைப்பையில் போட்டோ கொண்டுபோகாதீர்கள். மூடி போட்ட கூடையில் பழைய துண்டு விரித்துக் கொண்டுபோங்கள். சீசன் சனி ஞாயிறுகளில் குற்றாலம் சாலையில் வண்டிகள் ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு, வாரநாளில் தேதி வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் சாரல் தொடங்குவதற்கு முன்பே, மார்ச்சிலோ ஏப்ரலிலோ முடித்துவிடுவது உத்தமம். ஆனால் பருவத்துக்கு வரப்போகும் பூனை காலண்டர் பார்க்காது; ஜூலையில்தான் முடிந்தது என்றால் ஜூலையில் செய்யுங்கள்.

முதல் ராத்திரிதான் பயமுறுத்தும். மயக்கம் தெளியாத பூனை கண்ணை மூடாது. கருமணி அகலமாக விரிந்து, மூக்கோரத்திலிருந்து வெளிறிய சவ்வு ஒன்று பாதிக் கண்ணை மறைத்திருக்கும். அது பூனையின் மூன்றாம் இமை. காலைக்குள் உள்ளே போய்விடும். எழுந்து இரண்டடி வைக்கும், பின்னங்கால் வழுக்கும், சுவரில் முட்டும், திரும்ப எழும். பார்க்கச் சகிக்காது. கட்டிலிலோ நாற்காலியிலோ படுக்க வைத்தால் விழும். தரையில், சிறிய அறையில், விளக்கை மங்கலாக வைத்து விடுங்கள். மயக்க மருந்து உடம்புச் சூட்டை இறக்கிவிடும். பூனையின் இயல்பான சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். சாரல் காற்று வீசும் இரவில் மொசைக் தரையில் வெறுமனே கிடந்தால் நடுக்கம் கண்டுவிடும். கீழே சாக்கு, அதன்மேல் போர்வை, பக்கத்தில் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கமாக மட்டும் வையுங்கள். சூடு போதும் என்றால் அது விலகிப் படுக்க இடம் வேண்டும்.

அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் பாலாடையில் பாலோடு வந்து நிற்பார். வேண்டாம். விழுங்கும் உணர்வு திரும்பாத பூனையின் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போகும். தானாக நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர். பிறகு வழக்கமாகத் தின்பதில் கால்பங்கு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதே இல்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். ஒரு சாளை மீனை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்து முள் எடுத்துக் கொடுத்தால் வாசனைக்கே எழுந்து வரும். கருவாடு கூடாது, அத்தனையும் உப்பு.

ஆஸ்பத்திரி வாசலில் இப்படி ஒரு பேச்சு எப்போதும் காதில் விழும்.

"டாக்டரய்யா, ராத்திரி வலியில மொனங்கிச்சின்னா காச்ச மாத்திரை கால்வாசி கொடுக்கட்டுமா?"

"ஐயோ ஆச்சி, அது பூனைக்கு வெசம். கால்வாசியும் வேண்டாம், தூளும் வேண்டாம். வலிக்கு ஊசி நானே போட்டிருக்கேன்."

டாக்டர் மிகைப்படுத்தவில்லை. நம் வீட்டில் குழந்தைக்கும் கிழவருக்கும் கொடுக்கும் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலில் பாதி போதும், ஒரு பூனையைக் கொல்ல. நம் கல்லீரல் அதை உடைத்துக் கழிக்கப் பயன்படுத்தும் நொதிகளில் முக்கியமான ஒன்று பூனைக்கு வேலை செய்வதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கறியை மட்டுமே தின்று வந்த இனத்துக்குச் செடிகொடிகளின் நஞ்சை முறிக்கும் அவசியம் இல்லாமல் போய், அந்த மரபணு செத்துவிட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பூனைக் குடும்பம் மொத்தத்துக்கும் இதே கதிதான். களக்காடு முண்டந்துறைக் காட்டுப் புலிக்கும் பாராசிட்டமால் ஆகாது. மாத்திரை உள்ளே போனால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும், ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முறிமருந்து உண்டு, ஆனால் நேரம் முக்கியம். ஐபுரூஃபனும் ஆஸ்பிரினும் இதே ஜாதி.

இதே கல்லீரல் கதை மற்றக் கைவைத்தியத்துக்கும் பொருந்தும். புண் என்றதும் டெட்டால் பாட்டிலைத் தேடுவது நம் பழக்கம். தரையைப் பினாயில் போட்டுத் துடைப்பதும் அப்படியே. இரண்டும் பூனைக்கு ஆகாத வகை வேதிப்பொருள்கள். பூனை தன் உடம்பைத் தானே நக்குவதால் தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும், நடந்த தரையும் பாதம் வழியாகப் போகும். மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் கற்பூரம் வைத்துக் கட்டுவது, டர்பன்டைன் ஊற்றுவது, பூண்டு அரைத்துப் பூசுவது என்று கிராமத்தில் கைகண்ட முறைகள் பல. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மாடு அதைத் தாங்கும். மூன்று கிலோப் பூனைக்குக் கற்பூரமும் டர்பன்டைனும் நஞ்சு, பூண்டு ரத்த அணுக்களை உடைக்கும். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அத்தனை கொடியவை அல்ல. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு தையலை ஈரமாகவே வைத்திருக்கும், மஞ்சள் நிறம் புண் சிவந்திருப்பதை மறைத்துவிடும், ருசிக்காகப் பூனை கூடுதலாக நக்கும். டாக்டர் எழுதித் தராத எதையும் தையல்மேல் வைக்காதீர்கள்.

சாரல் காலத்தில் நிஜமான எதிரி ஈ. ஈரமும் ரத்தவாடையும் உள்ள புண்ணில் அது முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். ஆகவே இந்தப் பத்து நாளும் பூனை வீட்டுக்குள்தான். கொசுவலை அடித்த ஜன்னல் உள்ள அறை இருந்தால் அதுவே நல்ல வார்டு. குற்றாலம் பக்கம் மாடியில் கம்பி வராந்தாவில் விட்டுவைப்பவர்கள் குரங்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். தயிர்ச்சாதப் பொட்டலத்தைப் பறிப்பவை, மருந்துப் பையையும் கூடையையும் இழுத்துப் பார்க்காமல் போகா. குளிப்பாட்டக் கூடாது என்பது சொல்லாமலே புரியும். நீளமயிர்ப் பெர்ஷியன் என்றால் வயிற்றடி மயிர் ஈரத்தைப் பிடித்து வைக்கும், காலையும் மாலையும் தூக்கிப் பாருங்கள்.

மலஜலத் தட்டில் என்ன போடுவது என்பதும் இங்கே ஒரு கேள்விதான். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மர அறுவை மில்கள் இருப்பதால் மரத்தூள் எளிதில் கிடைக்கிறது, பலர் அதையே போடுகிறார்கள். மற்ற நாளில் சரி. இப்போது அந்தத் தூளும் மணலும் தையலில் ஒட்டும். நாளிதழைக் கிழித்துப் போட்டு நனைந்ததும் மாற்றுங்கள். தட்டை நனைக்கிறதா என்று தினமும் பார்ப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

நக்குவதைத் தடுப்பது பெரும்பாடு. பூனை நாக்கு அரம் மாதிரி, ஒரு ராத்திரியில் தையலைப் பிரித்துவிடும். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு இருக்கிறது. சில பூனைகள் அதோடு பின்பக்கமாக நடந்து மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும், சாப்பிட மறுக்கும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து கழற்றி மாட்டலாம். இன்னொரு வழி சட்டை. கைக்குழந்தையின் பழைய பனியன் ஒன்றை எடுத்து, முன்னங்கால்களைக் கைத்துளையில் விட்டு, கீழ்ப்பாகத்தைப் பின்னங்கால்களுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நாடாவாகக் கிழித்து முதுகில் முடிச்சுப் போடுங்கள். வால்பக்கம் திறந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பனியனே தட்டாகிவிடும். பருத்தியாக இருக்கட்டும், நனைந்தால் மாற்ற இரண்டு மூன்று தயாராக வையுங்கள், சாரலில் துணி காயாது என்று முதலிலேயே சொன்னேன்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் அது சீறும். அக்கா தங்கையாகத் தூங்கியவையும் சீறும். ஆஸ்பத்திரி வாசனையோடு வந்திருப்பவளை அதற்கு அடையாளம் தெரியாது. ஓரிரு நாள் தனியறை, பழைய படுக்கைத் துணி ஒன்று, அவ்வளவே.

மூன்றாவது நாளில் பூனைக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கும். அலமாரிமேல் தாவப் பார்க்கும். தோல்தான் மூடியிருக்கிறது, உள்தசை இன்னும் சேரவில்லை. குதிக்க உயரமான எதுவும் அறையில் வேண்டாம். தையலோரம் முதல் சில நாள் லேசாகச் சிவந்து, அடியில் பயறளவு தடிப்பு தட்டுப்படுவது பெரும்பாலும் இயல்பு. வாடையோடு நீர் வடிவது, வீக்கம் நாளுக்கு நாள் பெரிதாவது, தையல் விரிவது, ஈறு வெளுப்பது, ஒரு நாளுக்கு மேல் தின்னாமல் சுருண்டு கிடப்பது, விடாமல் வாந்தி — இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கூடையை எடுங்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்தாகும். கரையாத தையலைப் பிரிக்கப் பத்திலிருந்து பதினான்காம் நாள் திரும்பிப் போக வேண்டும்.

சிரைத்த இடத்தில் மயிர் முளைக்க இரண்டு மூன்று மாதமாகும். அதற்குள் இன்னொரு மாற்றம் தெரியும்: பசி கூடும், உடம்புக்குத் தேவையான தீனியோ கால்பங்கு வரை குறையும். கேட்கிறதே என்று போட்டால் ஒரு வருஷத்தில் உருண்டையாகிவிடும். அளந்து போடுங்கள்.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போகும்போது டாக்டரிடம் இரண்டு விஷயம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்ன மருந்து, எத்தனை வேளை என்பது ஒன்று. ராத்திரி பத்து மணிக்கு மேல் யாரைக் கூப்பிடுவது என்பது இன்னொன்று.